படத்தில் இருந்த மூங்கித் தோட்டம்

சுலக்ஷனாவுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். இலங்கை மலையகத்து ஹட்டனில் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கும் அவள், பாடசாலை ஆய்வுக்குத் தான் வாழும் மூங்கித் தோட்டம் என்ற தேயிலைத் தோட்டம் உருவான கதையைத் தலைப்பாகக் கொடுத்திருந்தாள். பொறுப்பாசிரியர் பிரதாப் சிரித்துவிட்டார்.

"மூங்கித் தோட்டத்தப் பத்தி யாரும்மா புஸ்தகம் எழுதி வச்சிருக்கா? ஆதாரம் காட்டக் கொறஞ்சது மூணு உசாத்துணை நூல் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கெடைக்கலன்னா, எல்லாரையும் மாதிரி 'தேயிலையின் பயன்கள்'னு செஞ்சிருங்க."

தேயிலையின் பயன்களாம்! கொழுந்துக் கூடையைச் சுமந்தே தோள் காய்த்துப்போன அம்மாக்கண்ணுவின் மகள் அதையா எழுதுவாள்?

அன்றே நூலகத்துக்குப் போனாள். பழைய தோட்டப் பட்டியலில் மூங்கித் தோட்டம் இல்லை. மாவட்ட வரலாற்றிலும் இல்லை. தங்களுக்கு வரும் கடிதங்களின் விலாசத்தில் எழுதும் பெரிய தோட்டத்தின் பெயரில் தேடினாள். அது இருந்தது, ஆனால் ஆற்றுக்கு அக்கரையோடு அதன் கதை முடிந்துவிட்டது; அவர்கள் இருக்கும் இக்கரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வியாழக்கிழமையும் நூலக மேசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். சார் சொன்னதுதான் சரியோ, எழுதி வைக்கிற அளவுக்கு நாம் ஆட்களே இல்லையோ என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் அவளைச் சுட்டது.

பெயர் அகப்படாவிட்டால் போகட்டும், மலை எங்கே ஓடிவிடும்? சட்டென்று எழுந்து நூலகரிடம் போனாள்.

"மிஸ், இந்தப் பக்கத்துப் பழைய படம் ஏதாச்சும் இருக்குங்களா?"

நூலகர் பிரியந்தி ஒரு நில அளவைப் படத்தை மேசையில் விரித்தார். ஹட்டனிலிருந்து பஸ் போகும் வழியே சுலக்ஷனா விரலை ஓட்டினாள். பாலம், ரயில் கடவை, ஆறு வளையும் திருப்பம். அதற்கு மேலே, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயம் இருக்கவேண்டிய மேட்டில், கேள்விப்படாத ஓர் ஆங்கிலப் பெயர்: பெர்ன்ஹில்.

"மிஸ், இது எங்க தோட்டங்க! நாங்க இருக்கோங்க இதுல!"

நூலகமே திரும்பிப் பார்த்தது. "மெதுவாம்மா" என்ற பிரியந்தியும் அலமாரிக்கு ஓடத்தான் செய்தார்.

விஷயம் இவ்வளவுதான். வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் புத்தகத்தில் இருந்தது, ஆட்கள் வைத்த பெயர் அவர்கள் வாயில் மட்டும் இருந்தது. அக்கரைப் பெரிய தோட்டத்தோடு சேர்த்த பிறகு துரை வைத்த பெயரைச் சொல்ல ஆளில்லை. ஒதுக்கி வைத்த அதே பட்டியலை மறுபடி புரட்டினால், பெர்ன்ஹில் அரைப் பக்கத்துக்குக் கிடந்தது! அங்கே முதலில் பயிரிட்டது கோப்பி, பிறகுதான் தேயிலை. அடுத்தடுத்து இன்னும் சில நூல்கள் சிக்கின. சந்தோஷம் தாங்காமல், இடம் இருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பிரதாப் சார் அவள் கொடுத்த நூல் பட்டியலையும் குறிப்புகளையும் வாசித்தார். இந்தமுறை சிரிக்கவில்லை, தலைப்புக்குக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

"நல்லாத்தான் தேடியிருக்கீங்க. ஆனா மூங்கித் தோட்டம்ங்கிற பேரு இதுல ஒண்ணுலகூட இல்லியேம்மா?"

"இல்லீங்க சார்" என்றாள் சுலக்ஷனா. "இனிமே எழுதப்போற என்னோடதுல இருக்கும்."