இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம், பூந்தமல்லியை ஒட்டிய எங்கள் கல்லூரியில் கணினிக்கூடத்தின் நெட்வொர்க் அலமாரியை நான் தனியாகத்தான் சுத்தம் செய்தேன். அதில் ஒன்றின்மேல் ஒன்றாக, கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் இரண்டு சுவிட்சுகள். மேல் சுவிட்ச் நின்றுபோனால் கீழ் சுவிட்ச் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சர்வரிலிருந்து இரண்டு கேபிள்கள், ஒன்று மேலுக்கு, ஒன்று கீழுக்கு. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினேன். சர்வர் பக்க முனைகளில் ‘மேல்’, ‘கீழ்’ என்று புதுச் சீட்டு ஒட்டினேன். கேபிள்களைச் சேர்த்து இறுக்கமாக ஒரே கட்டாகக் கட்டினேன். சுவிட்சுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பச்சை விளக்குகள் எரிந்தன. ‘எல்லாம் சரி’ என்று குறிப்பேட்டில் எழுதி நேரமும் போட்டேன்.

ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். பூஜை போட்டதை மறுநாள்வரை தொடுவதில்லை. அதற்குப் பிறகு, ஓடுகிற ஒன்றை ஏன் நோண்டுவது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் கூடத்தில் அரசு வேலைக்கான கணினித் தேர்வு. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் நெமிலிச்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்.

“சார், கதவாண்ட சீட்டு கெடைக்குமா? அடிக்கடி எழுந்துக்கணும்” என்று என்னிடம் கேட்டார். “இந்த வருசத்தோட வயசு முடியுது சார். டாக்டரு இன்னும் ஒரு வாரம்னு சொல்லிகீறாங்க. அதுக்குள்ள எழுதிடலாம்னுதான் ஓடியாந்தேன்.”

தேர்வுக் கண்காணிப்பாளர் அம்மா ஒத்துக்கொண்டு இடம் மாற்றிக் கொடுத்தார்.

ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. மேல் சுவிட்ச் 9.50-க்குச் செத்தது. எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்தன. கீழ் சுவிட்ச் உயிரோடுதான் இருந்தது. ஆனால் சர்வர் எட்டவில்லை.

“பத்து இருபதுக்குள்ள வரலைன்னா இந்த செஷன் ரத்து. ரூல் அது” என்றார் கண்காணிப்பாளர்.

‘கீழ்’ என்ற சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. கேபிள் சரி, சர்வர்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். சர்வரை அணைத்துப் போட்டதில் ஒன்பது நிமிடம் போனது. கீழ் சுவிட்சை அணைத்துப் போட்டதில் ஐந்து. அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

எங்கள் எலெக்ட்ரீஷியன், என் வயதுக்காரர், பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னா அண்ணாத்தே, பொட்டெல்லாம் வெச்சியே, சாமி லீவுல பூட்சா?”

“பேசாம லைட்டைப் பிடி மாமே.”

10.16-க்கு அவர் கட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். “நீ ஒயரப் பாக்கல, சீட்டத்தான் பாத்துகினு கீற. ரெண்டும் மேல் பொட்டிக்கே போவுது பாரு.”

போயிருந்தது. நான்தான் செருகியிருந்தேன். என் கட்டு அதை மறைத்திருந்தது. பிளேயரால் கட்டை அறுத்து, ஒரு கேபிளை உருவிக் கீழே செருகினேன். திரைகள் ஒவ்வொன்றாகச் சர்வரோடு சேர்ந்து திரும்ப உயிர்பெற்றபோது மணி 10.23. ரத்து என்ற தகவல் அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது.

“லைன் வந்துட்ச்சே மேடம், எழுதிக்கறேன்!” அந்தப் பெண் மவுஸை விடவே இல்லை.

“மூணே நிமிஷம் மேடம்” என்று நானும் கெஞ்சினேன்.

“என் கையில இல்லைங்க. எல்லாருக்கும் வேற தேதி கொடுப்பாங்க.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “யாரு தப்பு சார் இது?”

“என் தப்புதாம்மா.”

“அப்ப இதாண்ட நீங்களே சொல்லுங்க” என்று வயிற்றைக் காட்டினார். “ஒரு மாசம் பொறுத்துக்கினு வான்னு.”

மறுதேர்வு பதினெட்டாம் நாள். காலை ஏழு மணிக்குக் கண்காணிப்பாளர் முன்னிலையில் மேல் சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கிக் காட்டினேன். கீழ் சுவிட்ச் தாங்கியது. மறுபடி பிடுங்கினேன், தாங்கியது. ஐந்து முறை செய்தேன்.

அந்தப் பெண் வந்தார். ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். கணவர் குழந்தையோடு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்காச்சும் ஓடுமா சார்?”

“ஓடும்மா.”

ஓடியது. பத்து மணிக்கு மேல் அவரால் நேராக உட்கார முடியவில்லை. தையல் பக்கம் ஒரு கையை அழுத்திக்கொண்டு மறு கையால் மவுஸைப் பிடித்து எழுதினார். பிறகு வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. அவருடைய புடவையின் முன்பக்கம் நனையத் தொடங்கியது. பால் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்டார். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றார் கண்காணிப்பாளர். அந்தப் பெண் தலையைக் குனிந்து இன்னும் ஆறு கேள்விகளுக்கு விடை போட்டார். 10.40-க்கு ‘முடி’ என்பதை அழுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் சுவரைப் பிடித்தபடி போனார்.

விடையளிக்காதவை நாற்பத்திரண்டு என்று அவர் விட்டுப்போன திரை காட்டியது. தேர்வு முடியும்வரை எந்தக் கணினியையும் அணைக்க எனக்கு அனுமதி இல்லை. இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.