முதுகுப் பக்கத்துச் சிலுவை

இடது கட்டைவிரல் பட்டின் விளிம்பை மடித்துக் கொடுக்க, வலது கை நெருக்கமாகத் தையல் போட்டுக்கொண்டே போனது. ஒரு சாண் ஓடியதும் ஊசி நின்றது. தைத்த இடத்தை விரல்கள் தடவிப் பார்த்தன. பிறகு நூலைப் பிரிக்கத் தொடங்கின.

"மறுபடியும் பிரிக்கிறியா?" என்றாள் தங்கை மரிய புஷ்பம்.

"ஒரு எடம் இழுக்குது."

"கடல் தாண்டிப் போற உடுப்புண்ணே. அங்க யாரு வந்து உன் தையல எண்ணப் போறா?"

மிக்கேல் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வந்து மறுபடியும் ஊசியை எடுத்தார்.

போருக்கு முன்னால் ரங்கூனில் சட்டை தைத்தவர் அவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மனைவி ரோசம்மாளோடு கால்நடையாகக் கிளம்பினார். அரக்கான் மலைப்பாதையில் ரோசம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். செபம் சொல்ல ஒரு சாமியார் இல்லை. கூட்டம் முன்னே போய்விடும் என்ற பயத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தார். அரியலூருக்குக் கிழக்கே சொந்த ஊரான மாதாகுடிக்கு வந்த பிறகும் அந்த நடை அவரைவிட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்துவிடுவார்.

1946இல், அந்தப் பக்கத்துக் கோயில்களில் பூசை வைத்துவந்த இன்னாசி சாமியார் பர்மாவுக்குப் போகிறார் என்று தெரிந்தது. அங்கேயே தங்கிவிட்ட தமிழ்ச் சனங்களுக்குக் கோயிலும் இல்லை, சாமியார் மேலே போட்டுக்கொள்ளும் பூசை உடுப்பும் இல்லை. எல்லாம் எரிந்துபோயிருந்தது. வழியனுப்பினால் மட்டும் போதாது. அங்கே இருக்கும்வரை அவரைத் தாங்க வேண்டும். அது ஓர் ஊரால் ஆகாது. மாதாகுடியும் பக்கத்துச் சவேரியார்பட்டியும் சேர்ந்தால் ஆகும். ஆனால் தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்று அடித்துக்கொண்ட நாளிலிருந்து, இரண்டு கோயில்களும் ஒன்றுக்கொன்று ஒரு மெழுகுவத்திகூடக் கொடுத்ததில்லை.

மிக்கேல் இரண்டு ஊருக்கும் நடந்தார். திட்டினார்கள், மறுநாளும் போனார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்து வைப்பது, இரண்டு ஊர்ப் பிடியரிசியையும் ஒன்றாக விற்றுப் பர்மாவுக்கு அனுப்புவது. அதற்கு அடையாளமாக ஒரு பூசை உடுப்பு. துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். ஆனால் மாதா சுரூபத்துக்குச் சாத்திய பட்டுப்புடவைகள் இரண்டு கோயில் பெட்டியிலும் கிடந்தன. மாதாவுக்குச் சாத்தியதை அந்தப் பக்கத்தில் பெண்கள் யாரும் உடுத்த மாட்டார்கள்.

"முன்பக்கம் எங்க பட்டு. அப்பதான் பொடவ குடுப்போம்" என்றார் மாதாகுடி நாட்டாண்மை ஞானமுத்து. சவேரியார்பட்டி நாட்டாண்மை ராயப்பன் முணுமுணுத்துக்கொண்டே முதுகுப் பக்கத்துக்குச் சம்மதித்தார்.

சாமியார் ரயிலேறுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞானமுத்து பூசையிலிருந்து நேராக மிக்கேல் வீட்டுக்கு வந்தார்.

"மிக்கேலு, என்னக் கேணயனாக்கிட்டியா? பூச முழுக்க சாமியார் பீடத்தப் பாத்துல்ல நிக்கிறாரு! சனங்க பாக்குறது முதுக. முன்பக்கத்த யாரு பாக்குறா?"

"சேசு பாக்குறாருண்ணே" என்றாள் மரிய புஷ்பம்.

"நீ சும்மா இரு புள்ள! பர்மாக்காரன் பூரா ராயப்பன் பட்டத்தான் கும்பிடணுமா? பொடவையக் குடு. பிடியரிசியும் கெடையாது."

மிக்கேலுக்குக் காது சுட்டது. பிறந்ததிலிருந்து பூசை கண்டவர்தான். ஆனாலும் அளவெடுத்தபோது சட்டை தைப்பவர் கண்ணால்தான் பார்த்திருந்தார். சட்டைக்கு முன்பக்கம்தானே முகம்.

"செத்த இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார். திரும்பி வந்தபோது கூடவே ராயப்பன் மூச்சிரைத்துக்கொண்டு வந்தார். நாட்டாண்மைகள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

மிக்கேல் உடுப்பைப் பாயில் விரித்தார். "முதுகுல சிலுவை இன்னும் தெக்கல. அத மாதாகுடிப் பட்டுல வெக்கிறேன். மாருல நடுவால ஓடுற பட்டை சவேரியார்பட்டிப் பட்டு."

"அப்ப இவங்க சிலுவைய நாங்க சுமக்கணும்?" என்றார் ராயப்பன்.

"சுமந்து பழகு. மோட்சத்துக்கு ஆவும்" என்றார் ஞானமுத்து.

"உங்க நெஞ்சுல எங்க பட்டை ஏறுதே, அது குத்தாதா?"

"குத்தும். அதான் யோசிக்கிறேன்" என்றார் ஞானமுத்து. அவர் கை புடவையின் மிச்சத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.

மிக்கேல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரோசம்மாளப் பொதச்ச எடத்துல ரெண்டு குச்சிய ஒடச்சிச் சிலுவையா வெச்சேன். கட்டுறதுக்குக் கயிறு இல்ல. வெச்சதும் சரிஞ்சிபோச்சு. சரிஞ்சதப் பாத்தும் நிக்காம வந்துட்டேண்ணே."

ஞானமுத்து சுருட்டியதைப் பிரித்துப் பாயில் போட்டார். "வெட்டு" என்றார். துணி நகராமல் இருக்க ராயப்பன் குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அரியலூர் ஸ்டேஷனில், டவுன் கடையில் விற்கக் கொண்டுவந்த, இரண்டு ஊர்ப் பிடியரிசியும் கலந்த ஒரே மூட்டையைப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டு, யார் தூக்கிய பக்கம் கனம் என்று நாட்டாண்மைகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மிக்கேல் உடுப்பை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வண்டி வரும்வரை நாலு முறை பிரித்துச் சிலுவையின் ஓரத்தை நீவினார். ஒரு இடம் இன்னும் இழுப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

வண்டி வந்தது. இன்னாசி சாமியார் ஏறிக்கொண்டு ஜன்னலோரம் குனிந்தார்.

"சாமி, அரக்கான் பக்கம் போனீங்கன்னா, ரோசம்மான்னு பேரு சொல்லி ஒரு பூச வைங்க."

"பேரு ஞாபகமிருக்கும் மிக்கேலு. குடு."

மிக்கேல் கடைசியாக ஒருமுறை முடிச்சை இறுக்கினார். பிறகு இரண்டு கைகளாலும் உயர்த்தி, உடுப்பைச் சாமியாரிடம் கொடுத்தார்.