மிளகாய்க்கு மத்தியானம்தான்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சந்துக்குள் மசாலா மில் போட்டவன் நான். என்னை நம்பி இடம் வாடகைக்குத் தர ஆளில்லாத காலத்தில் இரண்டு மெஷின் ஓட்டினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பெற்ற பெண்கள் அத்தனை பேரையும் படிக்க வைத்தேன். பூன் லேயில் வீடு எடுத்தேன். இதையெல்லாம் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் என் மனைவியின் தம்பி இன்று தன் உழைப்பில் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தலை நிமிர்ந்து நடக்கிறானே, அதற்கு மட்டும் என் பேர் வருவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவன் என்னிடம் வந்தபோது முப்பது வயதிருக்கும். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. முகம் பார்த்துப் பேச மாட்டான். நாலு பேர் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான். சிலருக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்யும் என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்போது 'கிறுக்கு' என்ற ஒரு சொல்தான்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் இருந்த அவன் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "தீபாவளி வரைக்கும் பாருங்க மாப்பிள்ளை. சரிப்படலைன்னா நான் கூட்டிட்டுப் போயி வீட்டோட வச்சுக்கிறேன்." வீட்டோடு என்றால் பின்பக்கத்து அறை, வெளியே தாழ்ப்பாள். என் மனைவி அன்று சாப்பிடவில்லை.

நம் ஆட்களின் வழக்கப்படி அவனைக் கல்லாவில் உட்கார வைத்தேன். சொந்தக்காரன் கல்லாவில், வேலையாள் மெஷினில். மாற்றி வைத்தால் பெண் கொடுத்தவர்களை அவமதித்ததாகிவிடும். ஒரு நாள் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சில்லறை கேட்க, ஒருவர் அரைக்கக் கொடுத்த தன் டின்னைத் தேட, மூன்றாமவர், "தம்பிக்கு எந்த ஊரு? கல்யாணம் ஆச்சா?" என்றார். அவன் எழுந்து உள்ளே ஓடி, கடகடவென்று ஓடுகிற மெஷின் பக்கத்தில் போய் நின்றான். எல்லாரும் விலகி ஓடுகிற இடத்தில் அவன் மூச்சு சீரானது.

அதைக் கவனித்தவன் நான். காரணம் கேட்டவனும் நான்தான்.

"இங்க ஒரே சத்தம்தான் அத்தான். அங்க பத்துச் சத்தம்."

மறுநாளே கல்லாவுக்கு வேறு ஆள் போட்டேன். அதுவரை அவனைப் பற்றி எல்லாரும் அவன் அக்காவிடம்தான் கேட்டார்கள். நான் அவனிடமே கேட்டேன். எது தொண்டையில் இறங்கும், எப்போது தூக்கம் வரும், எது வந்தால் தலை கலங்கும்? குழம்பு ஊற்றிப் பிசைந்தால் இறங்காதாம். சோறு தனி, கறி தனி என்று ஆயிற்று. தினமும் விடிந்ததும் கால்வாயோரம் என்னோடு நடை. தலை கலங்கினால் பின்கதவு வழியாகப் போய் அதே பாதையில் நடந்துவிட்டு வரலாம். யாரும் கூப்பிடக்கூடாது, பின்னால் போகக்கூடாது.

பாதியில் நிறுத்தி வேறு சாமானைப் போடச் சொன்னால் அவனுக்கு ஆகாது. அதனால் மில்லையே மாற்றினேன். காலையில் அரிசி, அப்புறம் மல்லி, மத்தியானம் மிளகாய்.

"இதென்னலா, மில்லா கோயிலா? நேரம் பாத்துத்தான் நடை தொறப்பீங்களோ?" என்றார் ஒரு பழைய வாடிக்கைக்காரம்மா.

"மிளகா சாமிக்கு மத்தியானம்தான் பூசை அக்கா. தேங்காயோட வாங்க."

திட்டிக்கொண்டே போனவர், மாவில் காரவாடையே இல்லாமல் முறுக்கு வந்ததும் தங்கையையும் கூட்டிவந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணன் வந்தார். கல்லாவில் யாரோ, தம்பி தலையெல்லாம் மாவு.

"எங்க வீட்டுப் பிள்ளைய கூலியாளா ஆக்கிட்டீங்களே! இன்னைக்கே கெளம்புறோம்."

"சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாருங்க மச்சான். அப்புறம் பேசுவோம்."

கோப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். கூட்டம் வாசல் வரை நின்றபோது பெல்ட் அறுந்தது. மெஷின் நின்றதும் அத்தனை பேச்சும் ஒரேயடியாக எழுந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு பின்கதவால் வெளியேறினான்.

"பாத்தீங்களா? ஓடிட்டான்!" அண்ணன் துரத்த எழுந்தார்.

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஓடல. நடக்கப் போயிருக்கான். வருவான்."

வராவிட்டால் அன்றோடு அவன் வாழ்க்கை அந்தப் பின்னறைதான். அது தெரிந்தே நான் எட்டிப் பார்க்கவில்லை. புது பெல்ட்டை மாட்டினேன். மெஷினை முடுக்கினேன். அந்தச் சத்தம் சந்து முழுக்கப் பரவிய கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளே வந்தான். கையைத் துடைத்தான். "அடுத்து யாரு டின்னு அத்தான்?" என்றான்.

அண்ணன் ஆறிப்போன கோப்பியைக் குடித்துவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார்.

அதன்பின் அவனைப் போல எங்கும் நிலைக்காத மற்றவர்களும் வேலை தேடிவந்தார்கள். ஒரே நாற்காலியில் உட்கார முடியாமல் வேலை போன ஓர் ஆபீஸ் கிராணியைச் சைக்கிளில் சாமான் கொண்டுபோக விட்டேன். அவரும் தேறினார்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணன் சொல்கிறார்: "வயசானா தானா சரியாயிடுவான்னு நான் அப்பவே சொன்னேன்."

தானாக ஒன்றும் சரியாகவில்லை. இன்றும் நாலு பேர் பேசினால் அவன் காதைப் பொத்துகிறான். இன்றும் சோறு தனி, கறி தனிதான். வாழ வேண்டியவன் அவன், வாழ்கிறான். அவனுக்குத் தோதாக மில்லை மாற்றியது நான், ஏச்சு வாங்கியது நான், அன்று எட்டிப் பார்க்காமல் பெல்ட்டை மாட்டியதும் நான். அடுத்த கல்யாணத்தில் அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் மச்சான் என் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் சபையில், எல்லார் காதிலும் விழும்படி.