நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல்

எதிர் பிளாட்டில் யாரோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். தீய்ந்த நாற்றம் டில்லி துவாரகாவில் எங்கள் நான்காவது மாடி வீட்டுக் கதவிடுக்கு வழியாக வந்து சேர்ந்தபோது, நான் கைபேசியில் மோர்ஸ் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பத்து எழுத்துகளில் நான்கைக் கோட்டை விட்டிருந்தேன். அடுத்த மாதம் தேர்வு. வயது எழுபத்தொன்று. காது மருத்துவர் என் இடது காதை ஏறக்குறையத் தள்ளுபடி செய்துவிட்டார். இந்தத் தடவை விட்டால் இனி இல்லை.

விஷயம் இதுதான். அமெச்சூர் வானொலி உரிமத்தில் படிகள் உண்டு. கீழ்ப்படிக்காரன் குறைந்த சக்தியில் அக்கம்பக்கம் பேசிக்கொள்ளலாம். மேல்படிக்காரனுக்கு உலகமே திறந்திருக்கும். நடுவே வாயிற்காப்போனாக நிற்பது மோர்ஸ். குட்டையும் நெட்டையுமாக வரும் ஒலிகளைக் காதால் கேட்டு எழுத்தாக்க வேண்டும். நான் நாற்பது வருடமாகக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மத்திய அரசில் பிறர் மனுக்களில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். என் மனுவில் ஒரு காற்புள்ளிகூடத் தவறாது. படிவம், சான்றொப்பமிட்ட நகல், புகைப்படம் எல்லாம் எப்போதும் தயார். காதுதான் தயாராவதில்லை.

அந்தப் பால் நாற்றம் என்னைப் பழைய கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருடம். அப்போது மேல்படிக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் எழுத வேண்டும். எனக்கு அனுப்பிப் பழக்க ஆள் இல்லை. ஆகவே மனைவி செண்பகத்துக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்பதை இங்கே பதிவு செய்ய அவசியமில்லை.

சமையல் மேடையில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், அழுத்தினால் ஒலிப்பெட்டி கீச்சிடும் பித்தளை மோர்ஸ் சாவியைத் திருகி வைத்தோம். நான் முன்னறையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். தேர்வில் அனுப்புபவர் கையைப் பார்க்க முடியாது; விதி விதிதான். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையின் வரன் விளம்பரங்களைத்தான் அவள் அனுப்புவாள். உயரம், நிறம், கான்வென்ட் படிப்பு என்று டில்லியின் கல்யாணச் சந்தை மொத்தமும் என் நோட்டில் இருந்தது. நடுவே கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லி ஒரு வரி நுழையும். அதையும் பயபக்தியுடன் எழுதி வைப்பேன்.

ஒருநாள் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மேலே வந்து, "பாயி சாப், கர் மே ஜீங்குர் பால் ரக்கா ஹை க்யா?" என்றார். வீட்டில் சில்வண்டு வளர்க்கிறீர்களா என்று கேள்வி. செண்பகம் என்னைக் காட்டி, "ஏக் ஹீ ஹை" என்றாள். ஒன்றே ஒன்றுதானாம்.

அவள் அனுப்புவதில் ஒரே குறை, திடீரென்று நின்றுவிடும்.

"என்னாச்சு?" என்பேன்.

"பால் பொங்குது, இருங்க."

நானும் இருப்பேன். அந்த இடைவெளியில் விட்டுப்போன எழுத்துகளை நிரப்பிக்கொள்வேன். பன்னிரண்டு சொல் வந்துவிட்டது என்று அலுவலகம் முழுவதும் சொல்லியும்விட்டேன்.

தேர்வில் ஒலித்தது நாடாப்பதிவு. அதில் பால் பொங்கவில்லை. சின்ன ஸ்டேஷனைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் மாதிரி என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. ஐந்து தவறு வரை மன்னிப்பு உண்டு. முதல் நிமிடத்திலேயே தீர்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "உன் கைக்குப் பழகித்தான் கெட்டேன்" என்றேன்.

"அப்ப மனுல எழுதிக் குடுங்க, பொண்டாட்டி அடிச்சா மட்டுந்தான் வெளங்கும்னு."

பிறகு மாற்றல்கள், பிள்ளைகள். அரசாங்கமே இரங்கி வேகத்தை எட்டுச் சொல்லாகக் குறைத்தது. அப்போதும் நான் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் செண்பகத்தின் பாலைத்தான் காரணம் சொன்னேன்.

இன்று மாலையும் அதையே அவளிடம் சொன்னேன். "நீகூட பால் பொங்குதுன்னு பாதில நிறுத்துவியே."

"எந்தப் பால்?" என்றாள் சோபாவிலிருந்து. "காலைல பூத்ல வாங்குன பாலு மத்தியானமே தீந்துரும்லா. நீங்க ஆபீஸ் விட்டு வந்து உக்காரும்போது வீட்ல ஏது பாலு?"

"பின்ன?"

"ஒங்க பென்சில் நின்னுரும். பின்னாடி இருந்து பாக்க பாவமா இருக்கும். அதான் நிறுத்துவேன்."

"இத அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பரீட்சை எழுதிட்டு வந்ததும் எம்மேல குத்தம்னு எழுதி ஃபைல மூடிட்டீங்க."

முப்பத்தேழு வருட சர்வீஸில் யாரும் என் கோப்பை இப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். ஸ்டவ் போயிற்று, ஒலிப்பெட்டி எந்த மாற்றலில் தொலைந்ததோ தெரியவில்லை. பரணில் சாவி மட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. இறக்கிக் கொடுத்தேன்; அழுத்த அவள் விரல் மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை. "எழுதுங்க" என்று வாயாலேயே குட்டைக்கு டிட், நெட்டைக்கு டா என்று ஆரம்பித்தாள், தினசரியைப் பார்த்து. வரன் விளம்பரம்தான்.

பதினோராவது எழுத்தில் என் பென்சில் நின்றது.

"பால் பொங்குதுன்னு சொல்லேன்" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, நிற்காமல், அடுத்த எழுத்துக்குப் போய்விட்டாள்.