பாட்டை முடிக்கத் தெரியாத குணா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். “ஃபோன்ல பேசுனா அதுவே எழுதிடும்ப்பா” என்கிறாள் மகள். பேச வருமென்றால் நான் ஏன் எழுத உட்காரப் போகிறேன்? கூச்ச சுபாவம் உள்ளவனுக்குத் தாள்தான் வசதி. அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு காலை. பாசிர் கூடாங் எண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, உலு திராமில் என் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய சாமான் வாங்கும் லோரி தெருவுக்குள் வந்தது. “சூராட் கபார் லாமா…” என்று பழைய பத்திரிகை, பழைய பேட்டரி, கெட்டுப்போன டீவி எல்லாம் கேட்டுக் கூவும் அந்த லோரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒலிபெருக்கியில் வந்த குரல் ‘லாமா’வில் சாதாரணமாக நிற்கவில்லை. மேலே ஏறி, ஓரிடத்தில் கிழிந்து, கிழிந்த இடத்திலிருந்து இன்னும் மேலே போனது. என் கையில் ஒரு காலணி. மற்றது காலில். அப்படியே ஓடினேன்.

லோரியை ஓட்டியவர் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்.

“பேப்பர் இருக்காண்ணே?”

“இல்லம்மா. இந்தக் குரல் யாரோடது?”

“இதுவா? மெர்சிங்ல ஒரு அங்கிள் ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்தாரு. போட் ஜெட்டி கிட்ட ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ணுவாரு. இப்ப அவரால கத்த முடியாதுண்ணே. தொண்டைல ஆபரேஷன். பாவம் லா.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்சிங் பக்கம் கிளம்புவேன். கோத்தா திங்கி வந்ததும் தைரியம் தீர்ந்துவிடும். வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருக்கும் என்பதால் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். குணாவைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி பாதி ஆயுளாக என் நெஞ்சில் கிடக்கிறது. அவன் என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனானா?

யார் இந்தக் குணா என்று சொல்லிவிடுகிறேன். என் வயதுள்ள மலாய்க்காரர்களிடம் கேட்டால், முடியைத் தோளுக்குக் கீழே விட்டுக்கொண்டு மலாயில் ராக் பாடிய அந்த இந்தியப் பையன் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அவன் எங்கள் தோட்டத்து உறுமிக்காரன்.

பழைய பத்திரிகை என்றாலே எனக்கு மூக்கில் வருவது தப்பு காய்ச்சும் வாசனை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் தப்பின் தோல் இறுகுவதற்காகப் பத்திரிகைத் தாளைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவோம். மை எரிகிற வாசனையும் தோல் காய்கிற வாசனையும் கலந்து வரும். நான் தப்பு, குணா உறுமி. எங்கள் குழுவுக்கு இருந்தது ஒரே சட்டம். ஒருவருக்கு அருள் வந்து ஆடும்போது மேளம் நிற்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிந்து, திருநீறு பூசி, அவர் அடங்கி உட்காரும்வரை கை கழன்று விழுந்தாலும் அடிக்க வேண்டும். பாதியில் விட்டால் வந்த சாமி போக வழி தெரியாமல் தவிக்கும் என்பார்கள். நான் அதைப் பயந்து நம்பினேன். குணா ஆசைப்பட்டு நம்பினான்.

அந்த ஆசைதான் அவன் பிழைப்பில் விளையாடியது. தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த ரோஸ்லி ஒரு கேசட் கொடுத்தான். அதோடு குணா உறுமியை ஆணியில் மாட்டிவிட்டு கிட்டாரைப் பிடித்தான். ரோஸ்லி பேஸ் கிட்டார். எங்கள் லயத்து வீடுகளை ஒட்டிய மலாய்க் கிராமமான கம்பத்தில் வளர்ந்தவன், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். டிரம்ஸ் நான். எதற்கு என்னைச் சேர்த்தார்கள் என்று கேட்காதீர்கள். சிம்பலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, எனக்கு அது போதும்.

ரப்பர் ஷீட்டைப் புகை போடும் பழைய கட்டடத்தில்தான் பயிற்சி. நான் பெரிய டிரம்மை மிதித்தால் கூரையிலிருந்து கரி உதிரும். வெளியே வரும்போது மூவரும் ஒரே நிறம். குணா மேடைக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அவன் அம்மா விடியுமுன் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டும் விளக்கைக் கட்டிக்கொண்டு வருவான்.

“டேய், பட்டப் பகல்ல எதுக்குடா தலையில லைட்டு?”

“பாட்டு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடறேன்டா, ஊமையா.”

ஊமையன் என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான்.

அவனோடு வாசிப்பதில் ஒரே தொல்லை. கோயில் சட்டத்தை அவன் ராக் மேடைக்கும் கொண்டுவந்துவிட்டான். கீழே ஒரே ஒருவர் ஆடிக்கொண்டிருந்தாலும் பாட்டை முடிக்க மாட்டான். தொழிற்சாலை ஆண்டு விருந்தில் ஸ்டோரில் வேலை செய்த ஒரு சீன அங்கிள் இரண்டு கையையும் மடக்கிக் கோழி மாதிரி ஆட ஆரம்பித்தார். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், அவர் உட்காரவில்லை. குலுக்கல் பரிசு கொடுக்க வந்த மேனேஜர் மேடை ஓரத்தில் நிற்கிறார்.

“அலமாக்! சுடா லா குணா, போதும்டா! சோறு ஆறுது!” என்று ரோஸ்லி கெஞ்சினான்.

“அங்கிள் ஆடறாரு பாரு. அவரு மனச உடைக்கச் சொல்றியா?”

அங்கிளுக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் எங்களுக்குச் சோறு.

பிறகு அந்த வாய்ப்பு வந்தது. ஜோகூர் பாருவில் கடலோரத் திடலில் பகல் முழுக்கப் பாட்டுக் கச்சேரி. பாட்டுக் கேசட் வெளியிடுகிற ஒருவர் கோலாலம்பூரிலிருந்து ஆள் பிடிக்க வருகிறார். ஒரு குழுவுக்கு இரண்டு பாட்டு, அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் கழித்துவிடுவார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்தால் எண்ணெய் வாசனை இல்லாத சட்டை போடலாம் என்று எனக்கு ஓர் ஏக்கம். யாரிடமும் சொல்லாமல் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தேன். அப்போது அப்பா இல்லை, வீட்டில் நானும் அம்மாவும்தான்.

“ரெண்டே பாட்டு. ஆத்தா மேல சத்தியம்” என்றான் குணா.

முதல் பாட்டு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் ஓய்ந்து நான் மட்டும் வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. கை பழக்க தோஷம், அங்கே கோயில் தப்பின் அடியைத்தான் அடித்தேன். மேடைக்குப் பக்கத்தில் குப்பை கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா துடைப்பத்தோடு நின்றார். தோள் ஒருமுறை குலுங்கியது. துடைப்பம் விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த அருளாட்டம் அது, ஆனால் அந்தத் திடலில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்து விசிலடித்தது. குணா திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை.

நேரம் தாண்டியது. ஏற்பாட்டாளர்கள் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தினார்கள். கிட்டார் செத்தது. பேஸ் செத்தது. டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. அத்தனை பெரிய திடலில் என் சத்தம் மட்டும். குணா என் காதில் கத்தினான். “நிறுத்தாத. நான் வந்துடறேன்.”

மேடையிலிருந்து குதித்தான். லிமாவ் தண்ணீர் விற்ற கடையில் எலுமிச்சம்பழங்களை அள்ளிக்கொண்டு அந்த அம்மாவிடம் ஓடினான். “தாயே, யாரு வந்திருக்கீங்க?” என்று கும்பிட்டுக் கேட்டது தெரிந்தது, பதில் எனக்குக் கேட்கவில்லை. தலையில் பழத்தைப் பிழிந்தான். அவர் தள்ளாடி உட்கார்ந்தார். அவரைக் கைத்தாங்கலாக ரோஸ்லியின் வேனுக்குக் கூட்டிப் போனான். வேன் போய்விட்டது. வந்துவிடுகிறேன் என்று சொன்னானே, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். விசில் சிரிப்பானது, சிரிப்பு அடங்கிக் கூட்டம் திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு காவலாளி வந்து, “சுடா, பாங்,” போதும் அண்ணே என்று மெதுவாகச் சொல்லி என் கையிலிருந்து குச்சிகளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ரோஸ்லி வந்து சொன்னான். கேசட்காரர் குணாவைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட்டார். குணாவை மட்டும்.

கேசட் வந்தது. பாட்டின் கடைசியில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போகும் அல்லவா? ‘பாட்டு முடியலடா, நாமதான் தூரமா போறோம்’ என்று குணா அதில் பூரித்துப் போனதாகக் கேள்வி. அப்புறம் டீவியில் நேரடியாகப் பாடக் கூப்பிட்டார்கள். கேமராக்காரர் ஒருவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தாராம். இவன் எப்படி முடிப்பான்? பாதியில் விளம்பரத்தைப் போட்டார்கள். அதன் பிறகு கூப்பிடவில்லை. சிங்கப்பூர் ஹோட்டலில் பாடினான், கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்தான், தீவுக்குப் போகும் படகில் டிக்கெட் கிழித்தான். ஒவ்வொன்றும் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இடையில் ஒருமுறைதான் பார்த்தோம், ஒரு கல்யாணப் பந்தியில். மொட்டைத் தலையோடு எதிரே வந்து, “ஏன்டா நிறுத்துன?” என்று சிரித்தான். போனவன் அவன், கேள்வி எனக்கா? சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன விடுமுறையில் மனைவி சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். “என்னங்க, இன்னிக்காவது மெர்சிங் வரைக்கும் போங்க. வீட்ல வாழப்பழம் அழுகுது.”

போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன் வாசனையும் டீசல் புகையும் படிந்த ஒரு கொட்டகை. வயிறு திறந்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு குணா உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அவன் குரல் வெறும் காற்றாக வந்தது. காதை அவன் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

“இப்ப நீதான்டா பேசணும்.”

பேசினேன். “அன்னிக்கு ஏன்டா திரும்பி வரல?”

அவன் விளங்காதவன் மாதிரி பார்த்தான்.

“வந்தேனே.”

அந்த அம்மாவின் வீடு கோத்தா திங்கி தாண்டி ஒரு தோட்டத்தில். ரோஸ்லியை வேனோடு அனுப்பிவிட்டு, வீட்டில் ஆள் வரும்வரை துணைக்கு இருந்து, பஸ் பிடித்துத் திடலுக்கு வந்திருக்கிறான். பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். கேசட்காரர் இவனுக்காகக் காத்திருந்தாராம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்.

“டிரம்மர் வராம வரமாட்டேன்னேன். சரி, கூட்டிட்டு வான்னாரு. மறுநாள் காலையில உன் வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா கதவுகிட்டயே நின்னாங்க. நீ ஷிப்டுக்குப் போயிட்டன்னு சொன்னாங்க. வேலைய விட மாட்டான், நீ போப்பான்னாங்க.”

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. கை வீங்கி உள் அறையில் படுத்திருந்தேன்.

ஏதோ ஒரு படகு கிளம்பியது. அதன் சத்தம் அடங்கும்வரை குணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாடா” என்றேன். “அன்னிக்கு எனக்கு ஷிப்டுதான்.”

திரும்பும் வழியில் ஜோகூர் பாரு வரை போய்ப் பார்த்தேன். திடல் இல்லை. கடலும் அங்கே இல்லை, மண் கொட்டி நிரப்பித் தள்ளிவிட்டார்கள். ஆளில்லாத அடுக்குமாடிகள் நிற்கின்றன. எங்கள் தோட்டம் வீட்டு மனையாகிவிட்டது, அம்மா நின்ற அந்த வாசல் எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க அம்மாவும் இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், உலு திராம்.