அண்ணனுக்கு வைத்த இடுப்பெலும்பு

என் மனைவி நகிமா கெபெஜெயில் வைத்த பங்கு அசையாது என்று ஊரே சொல்லும். கெபெஜெ என்பது அவள் சீதனமாகக் கொண்டுவந்த மரப்பெட்டி, எங்கள் வீட்டுச் சாப்பாடெல்லாம் அதற்குள்தான். குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்ததும் இன்னாருக்கு இன்ன துண்டு என்று ஒதுக்கிப் பூட்டிவிடுவாள். என் அண்ணன் தெமிர்காலிக்குக் கறியோடு உப்பிட்டுக் காயவைத்த இடுப்பெலும்பு. கெட்டுப்போகாமல் இருக்க அது மாவுக்குள் புதைந்து கிடக்கும்.

அண்ணன் கரகண்டா நகரத்தில் இருந்துகொண்டு ஆறு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவின் சவாரிக் குதிரையை தன்னைக் கேட்காமல் நான் விற்றதில் அவருக்குக் கோபம். பங்கு ஒவ்வொரு கோடையிலும் பக்கத்து வீட்டுக்குப் போகும், குளிர்காலத்தில் புதுப் பங்கு பெட்டியில் ஏறும். எனக்கு எரிச்சலாக வரும்.

"வராத ஆளுக்கு எதுக்குடி?"

"வராதவருக்குத்தான் வைக்கணும். அது இருக்கிற வரைக்கும் அவர் இந்த வீட்டு ஆளு."

ஏப்ரலில் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "சர்க்கரையை மட்டும் எடுங்க."

மறுநாள் மாட்டு டாக்டர் வந்தார். வெறும் ரொட்டியும் தேநீரும் வைத்தால் மானம் போகுமே என்று அந்த எலும்பை எடுத்து வேகவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த மனிதர் மென்றுகொண்டே, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

நகிமா திரும்பினாள். வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நாளே அண்ணன் வந்து நின்றார்.

அவள் முகம் மலர்ந்து, என்னிடம் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். கை முழங்கை வரை மாவுக்குள் போயிற்று. துழாவினாள், மறுபடி துழாவினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, இந்த வருஷம் வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா வராதவனுக்கு யாரும்மா வைப்பா?" என்று சிரித்தார். ஆனால் கிளம்புவதற்குத் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். ஆடு அறுக்கிறேன் என்று நான் கெஞ்சியும் நிற்கவில்லை. உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. என் வாயில் கொழுக்கட்டை.

பங்கு வைக்காதவள் என்ற பேர் நகிமாவுக்கு வந்தது. அவள் என்னைத் திட்டவே இல்லை; பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தவள், அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பரில் குதிரை அறுத்தோம்.

"அண்ணன் பங்கு?" என்று கேட்டேன்.

கத்தியைத் துடைத்தபடி சொன்னாள்: "சாவி உங்ககிட்டதானே இருக்கு."