வாக்கருக்கு மெழுகு பூசியவள்

அந்த முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் எண்ணெய்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். எண்ணெய் விற்கிறவள் அல்ல; பராமரிப்பு உதவியாளர். ஆனால் ஏப்ரன் பையில் மூக்கு நீண்ட சின்ன எண்ணெய்ப் புட்டி ஒன்று எப்போதும் இருக்கும். கதவு முனகினால் ஒரு சொட்டு. சக்கர நாற்காலி முணுமுணுத்தால் இன்னொரு சொட்டு. யாராவது முகத்தைச் சுளித்தால், "உங்களுக்கும் ஒரு சொட்டு விடட்டுமா?" என்பாள்.

இது வெறும் கிறுக்கு இல்லை. இந்தத் தொழிலில் ஆளைத் தூக்குகிறவள் சீக்கிரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். நகர்த்தத் தெரிந்தவள்தான் நிலைப்பாள். தன்னைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ளவரைக்கூட, அடியில் வழுவழுப்பான துணியை இரண்டாக மடித்து விரித்து, ஒரே இழுப்பில் கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். துணிமேல் துணி வழுக்கும், தோல் உராயாது, புண் வராது. அதனால் உராய்வு என்றாலே அவளுக்கு ஜென்மப் பகை.

வீட்டிலும் அதே கதைதான். மேசை இழுப்பறைகளின் ஓரமெல்லாம் சோப்புக் கட்டியைத் தேய்த்து வைத்திருந்தாள். அவசரத்தில் இழுத்தால் கரண்டிகள் கூடத்தில் போய் விழும். அவள் கணவர் பஸ் ஓட்டுநர்.

"எதை வேணா ஓடவிடு. நிறுத்துறதுக்கும் ஏதாவது வச்சிரு. நான் பிரேக்கை நம்பித்தான் தினமும் உசுரோட வீடு வந்து சேர்றேன்" என்பார், கரண்டிகளைப் பொறுக்கிக்கொண்டே.

"வந்து சேர்ந்து குறட்டை விடுறீங்களே, அதுக்குத்தான் எந்த எண்ணெயும் கேட்க மாட்டேங்குது" என்பாள் அவள்.

அவள் பொறுப்பில் இருந்தவர்களில் ஜன்னலோரக் கட்டில்காரர் ஒரு டெய்லர். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்து, தேறுவதற்காக வந்தவர். அவருடைய மகள் வேலைக்குப் போகிறவள். பகல் பூரா அவர் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அதனால் மகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அப்பா தானாக எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், வாக்கரை ஊன்றித் தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல்வரை போய்த் திரும்ப வேண்டும். போனால் வீடு. இல்லாவிட்டால் இங்கேயே நிரந்தரமாக ஓர் இடம்.

டெய்லருக்கு வீடு என்றால் தையல் மெஷின். அதற்காகவே பல்லைக் கடித்துப் பழகி, நன்றாகவே நடந்தார். ஒரே தொல்லை, வாக்கரின் நாலு காலிலும் மாட்டியிருந்த ரப்பர் மூடிகள் அடிக்கு ஒரு தரம் கீச்சென்று கத்தின.

"எலிப்பொறியைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்மா. எம் மக காதுல விழுந்தா, அப்பா இன்னும் தேறலைன்னு முடிவே கட்டிடுவா. உன் புட்டி எதுக்குத்தான் இருக்கு?"

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாது ஐயா, ஊறிப்போயிடும். விடுங்க, நாளைக்கு உங்களைப் பூனை மாதிரி நடக்க வைக்கிறேன்."

மறுநாள் காலை ஒரு மெழுகுவத்தியை எடுத்து நாலு மூடியிலும் அழுத்தித் தேய்த்தாள். மகள் வருகிறாளே, பளபளவென்று இருக்கட்டும் என்று தாழ்வாரத் தரைக்கும் ஒரு கை மெழுகு போட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும். அவளுக்குச் சறுக்கியது அங்கேதான்.

மகள் வந்து நின்றாள். டெய்லர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாக்கரை முன்னால் வைத்தார். உடம்பை அதன்மேல் சாய்த்தார். அவ்வளவுதான், கயிற்றை அறுத்துக்கொண்ட ஆட்டுக்குட்டி மாதிரி வாக்கர் தாழ்வாரத்தில் தனியாகப் புறப்பட்டுப் போய்ப் பூந்தொட்டியில் முட்டி நின்றது. எண்ணெய்க்காரி பாய்ந்து அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்தாள். உடும்புப் பிடி. அவரை அப்படியே கட்டிலில் உட்கார வைத்தாள்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதுக்குத்தான் பயந்தேன். போதும்பா. மேனேஜரைப் பார்த்து இங்கயே ஒரு இடம் சொல்லிடறேன்."

"உங்கப்பா மேல தப்பில்ல. சத்தம் வரக்கூடாதுன்னு நான்தான் அடியில மெழுகைப் பூசிட்டேன்" என்றாள் எண்ணெய்க்காரி.

"பூசச் சொன்னது நான்" என்றார் டெய்லர்.

"ஆக, ரெண்டு பேரும் சேர்ந்து என் காதை ஏமாத்தப் பார்த்தீங்க!"

டெய்லர் தலையைச் சொறிந்தார். "மெஷின்ல துணிக்கு அடியில பல்லு இருக்கும், பார்த்திருக்கியா? அதுதான் துணியைக் கவ்வி நகர்த்தும். பல்லு மழுங்கிட்டா ஊசி ஒரே இடத்துல குத்திக்கிட்டு நிக்கும். வாழ்நாள் பூரா அதைப் பார்த்தவன், என் காலுக்கு அடியில இருந்த பல்லை நானே பிடுங்கச் சொல்லிட்டேனே!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மேனேஜர் சாப்பிடப் போயிருக்காராம். அவர் வர்ற வரைக்கும்தான் டைம்."

எண்ணெய்க்காரி வாக்கரை எடுத்துவந்து கவிழ்த்தாள். மூடிகளைக் கழற்றிச் சோப்பு வெந்நீரில் போட்டுத் தேய்த்தாள். துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்கினாள். பிறகு தாழ்வாரத்தில் மண்டியிட்டு, காலையில் போட்ட மெழுகையெல்லாம் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்தெடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்த மகள், செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு பிரஷை எடுத்தாள்.

"அந்த ஓரம் விட்டுட்டீங்க அக்கா."

"நீ உன் பக்கத்தைப் பாரு கண்ணு. அப்பா மாதிரியே குத்தம் சொல்றே."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தேயுங்க!" என்றார் டெய்லர் கட்டிலிலிருந்து.

தரை காய்ந்தது. மறுபடி எழுந்தார். வாக்கரை வைத்தார். கீச். ரப்பர் தரையைப் பிடித்தது, இம்மி அசையவில்லை. இன்னோர் அடி. கீச். ஓரடி பின்னாலேயே தொடர்ந்த எண்ணெய்க்காரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பையிலிருந்த புட்டியைத் தொட்டுவிடுவோமோ என்ற பயம். கீச், கீச் என்று கடைசி ஜன்னல்வரை போய்த் திரும்பினார். திரும்பும் வழியில் பாதியில் சத்தம் நின்றது.

"அப்பா?" என்றாள் மகள் பதறி.

"மூச்சு வாங்குறேன்டி. செத்துப்போகலை." கீச்.

கட்டில்வரை வந்து, தானாகத் திரும்பி, தானாக உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஏப்பத்தோடு வந்தார். "என்ன இது சத்தம்? யாராவது இந்த வாக்கருக்கு ஏதாவது பூசக்கூடாதா?"

"பூசினீங்கன்னா பாருங்க!" என்றாள் மகள். "வேலை முடிஞ்சு வந்து சமையலறையில நின்னாலும் அப்பா எங்க இருக்காருன்னு தெரியும். சத்தம் நின்னா ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்."

டெய்லர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

சாயங்காலம் வாசலில் கார் நின்றது. மகள் கார்க் கதவைத் திறந்தாள்; கதவு கர்ரென்று முனகியது. எண்ணெய்க்காரியின் கை தானாகப் பைக்குள் போய்ப் பாதியில் நின்றது.

டெய்லர் பார்த்துவிட்டார். "அதுக்கு விடும்மா, தாராளமா விடு. காலுக்குக் கீழ மட்டும் வந்துடாதே."

கீலில் ஒரு சொட்டு விட்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.